"ஏஸ் இருக்கிறது" என்றால் 1/5, "இஸ்பேடு ஏஸ் இருக்கிறது" என்றால் 1/3: மொத்த நிகழ்தகவு எங்கே இடறுகிறது?

தாயக்கட்டை (கேள்வி):

நான்கே சீட்டு: இஸ்பேடு ஏஸ், ஆடுதன் ஏஸ், இஸ்பேடு 2, ஆடுதன் 2. நன்றாகக் கலைத்து இரண்டை ஒருவரிடம் கொடுக்கிறோம். வரக்கூடிய கைகள் 6, எல்லாம் சமவாய்ப்பு.

கையில் ஒரு ஏஸாவது இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு 2-களும் சேர்ந்த கை மட்டும் கழிகிறது. மிச்சம் 5 கை. அதில் இரண்டு ஏஸும் உள்ளது ஒன்றுதான். ஆக 1/5.

இஸ்பேடு ஏஸ் இருக்கிறது என்று தெரிந்தால் மிச்சம் 3 கை. அதில் இரண்டு ஏஸும் உள்ளது ஒன்று. ஆக 1/3. ஆடுதன் ஏஸ் என்றாலும் அதே 1/3.

சிக்கல் இங்கேதான். "என்னிடம் ஏஸ் இருக்கிறது" என்று மட்டும் ஒருவர் சொன்னால், அது இஸ்பேடாகவோ ஆடுதனாகவோ இருந்தே தீரும். எதுவாக இருந்தாலும் விடை 1/3 என்றால், பெயரைக் கேட்கும் முன்பே 1/3 என்று சொல்லிவிடலாமே? பிறகு 1/5 எங்கிருந்து வருகிறது?

முழு 52 சீட்டில் 13 சீட்டுக் கை எடுத்தாலும் இதே கதை: "ஒரு ஏஸாவது உண்டு" என்றால் இன்னொரு ஏஸ் இருக்க 0.3696, "இஸ்பேடு ஏஸ் உண்டு" என்றால் 0.5611. நான்கு சீட்டு ஆட்டத்தைப் பைத்தானில் 60,000 முறை ஓட்டிய இரண்டு நிரல்கள் கையில் இருக்கின்றன. "இஸ்பேடு ஏஸ் இருக்கிறது" என்ற அதே வாக்கியத்துக்கு ஒன்று 0.333 தருகிறது, மற்றது 0.200 தருகிறது. இரண்டையும் வரிவரியாகப் படித்தாயிற்று, பிழை தெரியவில்லை. எதை நம்புவது?

கூறுவெளி:

இரண்டையும் நம்பலாம். அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். வாக்கியம் ஒன்றாக இருப்பதால் கேள்வியும் ஒன்று போலத் தோன்றுகிறது.

முதலில் மொத்த நிகழ்தகவு: நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையின் விடையையும் அந்த நிலையின் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுவது. அந்தத் தேற்றத்தைப் பயன்படுத்த, பிரித்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்க வேண்டும். "கையில் இஸ்பேடு ஏஸ் உண்டு", "கையில் ஆடுதன் ஏஸ் உண்டு" இரண்டும் அப்படி விலக்குவதில்லை. முன்னதில் 3 கை, பின்னதில் 3 கை, கூட்டினால் 6. ஏஸ் உள்ள கைகளோ 5தான். இரண்டு முறை எண்ணப்படும் கை எது என்று பாருங்கள்: எதன் நிகழ்தகவைத் தேடுகிறோமோ அதே இரட்டை ஏஸ் கை. அதனால்தான் 1/5 என்பது 1/3 ஆக ஊதிப்போகிறது.

ஒன்றையொன்று விலக்குவது அவர் வாயிலிருந்து வரும் சொல். ஒரே மூச்சில் ஒருவர் "இஸ்பேடு" என்றோ "ஆடுதன்" என்றோ ஒன்றைத்தான் சொல்வார். ஆகவே நிபந்தனை "இஸ்பேடு ஏஸ் கையில் உண்டு" என்ற உண்மை அல்ல. "அவர் இஸ்பேடு என்று சொன்னார்" என்ற நிகழ்ச்சி. இவை இரண்டும் எப்போது ஒன்றாகும், எப்போது ஆகாது என்பதை, கைகளின் பட்டியலில் ஒரு நெடுவரிசை கூடுதலாக எழுதினால் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு கைக்கும் நேராக, அந்தக் கை வந்தால் "இஸ்பேடு" என்று சொல்ல என்ன வாய்ப்பு என்று எழுதுங்கள்.

முறை அ. ஏஸ் வைத்திருப்பவர் தானாக ஒன்றைச் சொல்கிறார். இரண்டும் இருந்தால் மனத்துக்குள் நாணயம் சுண்டி ஒன்றைச் சொல்கிறார்.
இரண்டு ஏஸும்: 1/2
இஸ்பேடு ஏஸ் + இஸ்பேடு 2: 1
இஸ்பேடு ஏஸ் + ஆடுதன் 2: 1
மற்ற மூன்று கைகள்: 0
விடை: (1/2) ÷ (1/2 + 1 + 1) = 1/5.

முறை ஆ. நாம் நேராக "இஸ்பேடு ஏஸ் இருக்கிறதா?" என்று கேட்கிறோம், அவர் "ஆம்" என்கிறார். மேலே உள்ள முதல் மூன்று வரிகளிலும் 1. விடை 1/3.

முறை இ. இரண்டும் இருந்தால் எப்போதும் இஸ்பேடைத்தான் சொல்வார். "இஸ்பேடு" என்றால் 1/3. ஆனால் "ஆடுதன்" என்று சொல்லிவிட்டால் இரண்டு ஏஸும் இருக்க வாய்ப்பே இல்லை, 0. ஏஸ் உள்ள 5 கைகளில் 3-இல் "இஸ்பேடு", 2-இல் "ஆடுதன்". (3/5)(1/3) + (2/5)(0) = 1/5. மொத்த நிகழ்தகவு கச்சிதமாக நிற்கிறது.

பொதுவாக, இரண்டும் இருக்கும்போது இஸ்பேடைச் சொல்லும் வாய்ப்பு p என்றால், "இஸ்பேடு" கேட்டபின் p/(p+2), "ஆடுதன்" கேட்டபின் (1−p)/(3−p). எந்த p போட்டாலும் இரண்டின் எடையிட்ட சராசரி 1/5-தான். ஆக "பெயர் கேட்கும் முன்பே 1/3" என்று ஒருபோதும் வராது. ஆனால் முறை ஆ-வில் நீங்கள் பெறும் 1/3-க்கு ஒரு விலை இருக்கிறது: ஏஸ் உள்ள 5 கைகளில் 2-இல் அவர் "இல்லை" என்று சொல்லியிருப்பார். அந்த "இல்லை"யையும் சேர்த்துத்தான் சராசரி 1/5.

13 சீட்டுக் கையிலும் இப்படியே. 0.5611 என்பது நேராகக் கேட்டு "ஆம்" வாங்கியதற்கு. கையில் உள்ள ஏஸ்களில் ஒன்றைச் சமவாய்ப்பில் எடுத்துப் பெயர் சொன்னால், இஸ்பேடு என்ற தகவலால் ஒன்றும் நகராது, 0.3696 அப்படியே நிற்கும்.

நேர்கோடு:

நிரல் பக்கம் இருந்து சொல்கிறேன். வித்தியாசம் வடிகட்டும் வரியில் இருக்கும். 0.333 தரும் நிரல் "கையில் இஸ்பேடு ஏஸ் உள்ளதா" என்று சோதித்து மற்றதைத் தள்ளும். 0.200 தரும் நிரல் "சொன்ன சொல் இஸ்பேடா" என்று சோதித்திருக்கும்.

இப்படி எழுதினால் குழப்பம் வராது. முதல் படி கை வழங்குவது. இரண்டாம் படி தனியாக ஒரு செயற்கூறு: கையை வாங்கி ஒரே ஒரு செய்தியைத் திருப்பித் தர வேண்டும், கையில் ஏஸே இல்லாவிட்டாலும் "ஏஸ் இல்லை" என்று ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் படியில் வடிகட்டும்போது கை என்ற மாறியைத் தொடவே கூடாது, செய்தியை மட்டும் பார்த்து வடிகட்ட வேண்டும். அதன் பிறகு, எஞ்சியவற்றில் இரட்டை ஏஸ் எத்தனை என்று எண்ணும்போதுதான் கையைத் திறக்கலாம். இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றினால் செய்தி எப்படி உருவாகிறது என்பதை எழுதாமல் தப்பிக்க வழியே இருக்காது. அதுதான் வேண்டும்.

60,000 முறைக்கு எதிர்பார்க்க வேண்டிய எண்கள்: நாணயம் சுண்டும் முறையில் "இஸ்பேடு" என்ற செய்தி சுமார் 25,000 முறை, அதில் இரட்டை ஏஸ் சுமார் 5,000. நேராகக் கேட்கும் முறையில் "ஆம்" சுமார் 30,000, இரட்டை ஏஸ் சுமார் 10,000. முதலில் சரிபார்க்க வேண்டியது விகிதத்தை அல்ல, செய்தி எத்தனை முறை வந்தது என்பதை. 25,000-க்குப் பதில் 30,000 வந்தால் நீங்கள் நினைத்த முறை நிரலில் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். 25,000 செய்திகளில் 0.2-இன் திட்டப்பிழை (தற்செயலால் விடை அசையும் அளவு) சுமார் 0.0025, 1/3-ஐயும் 1/5-ஐயும் பிரித்தறிய இது தாராளம். வெறும் 60 முறை ஓட்டினால் செய்தி 25 அளவில்தான் வரும், திட்டப்பிழை 0.08 ஆகிவிடும், ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணில் படாமல் நுழையும் பிழை ஒன்று உண்டு. "கையில் முதலில் வரும் ஏஸைச் சொல்" என்று எழுதுவார்கள். கை சமவாய்ப்பு வரிசையில் இருந்தால் அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஆனால் பைத்தானின் ஐட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள காம்பினேஷன்ஸ் செயற்கூறை வைத்து எல்லாக் கைகளையும் பட்டியலிட்டால், கொடுத்த வரிசையிலேயே சீட்டுகள் வரும். இஸ்பேடு ஏஸைப் பட்டியலில் முதலில் எழுதியிருந்தால் அது எப்போதும் முன்னால் நிற்கும். கையை வரிசைப்படுத்தி வைத்தாலும் இதே நிலை. நாணயம் சுண்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டு முறை இ-யை ஓட்டிக்கொண்டிருப்போம். "ஆடுதன்" செய்திக்கும் விடையை அச்சிட்டுப் பாருங்கள்: 0 வந்தால் இதுதான் காரணம்.

தாயக்கட்டை:

தெளிவாகிறது. அப்படியானால் யாரும் எதுவும் சொல்லாமல், கையிலிருந்து ஒரு சீட்டு தவறி விழுந்து அது இஸ்பேடு ஏஸ் என்று தெரிந்தால்? அங்கே பெயரும் தெரிகிறது, நேராகக் கேட்கவும் இல்லை.

கூறுவெளி:

அதே நெடுவரிசையை நிரப்புங்கள். இரண்டில் எது விழவும் சமவாய்ப்பு என்றால் இஸ்பேடு ஏஸ் உள்ள மூன்று கைகளிலும் அது விழும் வாய்ப்பு 1/2. மூன்றும் சமம் என்பதால் விடை 1/3. விழுந்தது ஏஸ் என்று மட்டும் தெரிந்து எந்த ஏஸ் என்று கண்ணில் படாவிட்டால்கூட 1/3-தான்: இரட்டை ஏஸ் கையில் 1, ஓர் ஏஸ் உள்ள நான்கு கைகளில் தலா 1/2, 1 ÷ (1 + 2). ஆகவே 1/5-ஐ 1/3 ஆக்குவது இஸ்பேடு என்ற பெயர் அல்ல. "குறிப்பாகச் சொன்னால் நிகழ்தகவு கூடும்" என்று சில இடங்களில் விளக்குவதைப் பார்க்கலாம். அந்த விளக்கம் தவறான இடத்தில் விரலை வைக்கிறது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. ஒரு செய்தி உண்மையாக இருக்கும் எல்லா நிலைகளிலும் அந்தச் செய்தி வெளிவரும் வாய்ப்பு ஒரே அளவாக இருந்தால், பொருந்தாத நிலைகளை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணும் பள்ளிக்கூட முறை சரி. ஒரே அளவாக இல்லையென்றால் அந்த முறை தவறான விடை தரும். முறை ஆ-வில் 1, 1, 1. விழுந்த சீட்டில் 1/2, 1/2, 1/2. இரண்டும் தேறுகின்றன. நாணயத்தில் 1/2, 1, 1, தேறவில்லை. புள்ளியியலில் முழுமையாகப் பதிவாகாத தரவுகளுக்கு ஹைட்ஜனும் ரூபினும் 1991-இல் எழுதிய நிபந்தனை அடிப்படையில் இதுவே. பகுதி மட்டும் தெரிந்த தரவை வைத்துக் கணக்கிடும் எவரும், ஏன் அந்தப் பகுதி மட்டும் தெரிந்தது என்று கேட்காமல் சூத்திரத்தில் இறங்கக் கூடாது.

ஆறாம்சீட்டு:

மூன்று கதவுப் புதிரும் (ஒரு கதவின் பின் கார், மற்ற இரண்டின் பின் ஆடு) இந்த நெடுவரிசையில் அடங்கிவிடும். நீங்கள் 1-ஆம் கதவைத் தேர்ந்தீர்கள், தொகுப்பாளர் மான்டி ஹால் 3-ஆம் கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார், வேண்டுமானால் 2-க்கு மாறலாம் என்கிறார். கார் 2-இல் இருந்தால் அவர் 3-ஐத் திறந்தே ஆக வேண்டும்: 1. கார் 1-இல் இருந்தால் 2-ஐயோ 3-ஐயோ திறக்கலாம். 3-ஐத் திறக்கும் வாய்ப்பு q என்போம். மாறினால் வெல்லும் வாய்ப்பு 1/(1+q). q = 1/2 என்றால் பழகிய 2/3. முடிந்தபோதெல்லாம் 3-ஐயே திறப்பவர் என்றால் q = 1, அப்போது 1/2. முடிந்தவரை 3-ஐத் தவிர்ப்பவர் என்றால் q = 0; அவர் 3-ஐத் திறந்துவிட்டால் கார் 2-இல் இருப்பது உறுதி. கார் எங்கே என்று தெரியாமல் மற்ற இரண்டில் ஒன்றைக் கண்மூடித் திறந்து அங்கே ஆடு இருந்துவிட்டால், இரண்டு நிலைகளிலும் 1/2, ஆகவே மாறினாலும் மாறாவிட்டாலும் 1/2. பார்வையாளர் கண்ணில் படுவது எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான்: 3-ஆம் கதவு, ஓர் ஆடு.

புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் 1975-இல் எழுதிய கடிதத்திலேயே இந்தப் புதிர் இருக்கிறது. 1990-இல் மேரிலின் வாஸ் சாவந்த் "பரேட்" இதழில் மாறுவதே நல்லது என்று விடை சொன்னபோது எழுந்த சண்டை ஊரறிந்தது. கார் எங்கே என்று தொகுப்பாளருக்குத் தெரியும், ஆட்டைத்தான் காட்டுவார், எப்போதும் ஒரு கதவைத் திறப்பார் என்ற மூன்றையும் எழுதாமல் விட்டால் 2/3 என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. இன்றும் பல தளங்களில் அந்த மூன்றும் இல்லாமலேயே இந்தக் கேள்வி சுற்றுகிறது.

சீட்டு பற்றிய கேள்வி என்பதால் பிரிட்ஜிலிருந்து ஒன்று. அங்கே இதற்கு ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸ் (கட்டுப்பட்ட தேர்வு) என்று பெயர், பணம் கட்டி ஆடும் மேசைகளில் தினமும் பயன்படும் கணக்கு இது. ஒரு இனத்தில் உங்களுக்கும் டம்மிக்கும் (மேசையில் விரித்து வைத்த உங்கள் கூட்டாளியின் கை) சேர்த்து 9 சீட்டு. டம்மியில் ஏஸ், கிங், 10 இருக்கின்றன. வெளியே இருப்பவை குயின், ஜாக், இரண்டு சின்னச் சீட்டு. ஏஸை ஆடுகிறீர்கள், எதிராளிகள் இருவரில் மேற்கு ஒரு சின்னதைப் போடுகிறார், கிழக்கு குயினைப் போடுகிறார். உங்கள் கைக்கு வந்து மறுபடி டம்மியை நோக்கி ஆடுகிறீர்கள். மேற்கு இன்னொரு சின்னதைப் போடுகிறார். இப்போது கிங்கைப் போட்டு, கிழக்கிடம் ஜாக் இருந்து விழும் என்று பார்ப்பதா, மேற்கிடம் ஜாக் இருக்கிறது என்று நம்பி 10-ஐப் போட்டு ஃபினெஸ் எடுப்பதா (கிங்கை வைத்துக்கொண்டு சின்னச் சீட்டாலேயே சுற்றை வெல்லப் பார்ப்பதா)?

இரண்டு நிலைகள்தான் மிச்சம். கிழக்கிடம் குயின் மட்டும் தனியாக: ஆட்டத் தொடக்கத்தில் இதன் வாய்ப்பு 6.22%. குயின், ஜாக் இரண்டும்: 6.78%. இதை மட்டும் பார்த்தால் கிங்தான் சற்று நல்லது போல இருக்கும். ஆனால் இரண்டும் வைத்திருக்கும் கிழக்கு முதல் சுற்றில் குயினையும் போடலாம், ஜாக்கையும் போடலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. சமவாய்ப்பில் போடுபவர் என்றால் 6.78 பாதியாகி 3.39 ஆகிறது. ஃபினெஸ் வெல்லும் வாய்ப்பு 6.22 ÷ (6.22 + 3.39), சுமார் 65%. இரண்டும் இருக்கும்போது எப்போதும் குயினையே போடும் பழக்கம் உள்ளவர் என்றால் கிங் 52% ஆகி முந்துகிறது. அதே ஆள் ஜாக்கைப் போட்டால் அவரிடம் குயின் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். தற்காப்பு ஆடுபவர்கள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

நேர்கோடு:

இரண்டு குழந்தைகள் கேள்வியும் அடுத்து வரும் என்பதால் சுருக்கமாக. ஆண், பெண் சமவாய்ப்பு என்று கொள்வோம். இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பங்களின் பட்டியலில் "ஒரு பையனாவது உண்டு" என்பவற்றை மட்டும் பொறுக்கினால், இருவரும் பையன்களாக இருக்க 1/3. பையன்கள் பட்டியலிலிருந்து ஒரு பையனை எடுத்து அவன் உடன்பிறப்பைக் கேட்டால் 1/2. இரண்டு பையன்கள் உள்ள குடும்பம் அந்தப் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. 2010-இல் கேரி ஃபோஷி எழுப்பிய "செவ்வாய்க்கிழமை பிறந்த பையன்" கேள்வியில் (இரண்டு குழந்தைகளில் ஒருவன் செவ்வாயில் பிறந்த பையன் என்றால், இருவரும் பையன்களாக இருக்க என்ன வாய்ப்பு?) 13/27 வருவதற்கும், "செவ்வாயில் பிறந்த பையன் உண்டா?" என்று கேட்டு "ஆம்" என்ற குடும்பங்களையே எடுக்க வேண்டும். பெற்றவர் ஒரு குழந்தையைச் சமவாய்ப்பில் நினைத்து அதன் பாலையும் கிழமையையும் சொன்னால் 1/2-தான். கிழமை தெரிந்ததால் நிகழ்தகவு மாறுகிறது என்று வியப்பதற்கு முன், அந்தக் கிழமையைத் தேர்ந்தது யார் என்று பார்க்க வேண்டும்: கேட்டவரா, சொன்னவரா?

தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. குடும்ப அட்டவணையைக் குழந்தை அட்டவணையோடு இணைத்துவிட்டு வரிகளை எண்ணினால் ஒரு வரி என்பது ஒரு குடும்பம் அல்ல, ஒரு குழந்தை. 1/3 வர வேண்டிய இடத்தில் 1/2 வந்து நிற்கும், நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது.

தாயக்கட்டை:

கடைசியாக ஒன்று. எதிரில் இருப்பவர் எந்த முறையில் பெயர் சொல்கிறார் என்று தெரியாது. "என்னிடம் இஸ்பேடு ஏஸ் இருக்கிறது" என்று தானாகச் சொல்கிறார். அப்போது விடையே இல்லையா?

கூறுவெளி:

p/(p+2) என்பதில் p தெரியாது, அவ்வளவே. p = 0 என்றால் 0, p = 1 என்றால் 1/3. வேறு எதுவும் தெரியாதபோது "0-க்கும் 1/3-க்கும் இடையில்" என்பது முழு நேர்மையான விடை.

ஒற்றை எண் வேண்டும் என்றால் p-க்கு ஒரு முன்பரவல் (p-இன் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்கூட்டியே நாம் கொடுக்கும் வாய்ப்பு) வைக்க வேண்டும். இங்கே ஒரு வசதி: செய்தியின் வாய்ப்பு p-இல் நேரியலாக இருப்பதால், ஒரே ஒரு செய்திக்குப் பரவலின் சராசரி மட்டும் போதும். இஸ்பேடுக்கும் ஆடுதனுக்கும் வேறுபாடு காட்டாத எந்தப் பரவலிலும் சராசரி 1/2, விடை 1/5. p-க்கான விடைகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து அவற்றின் சராசரியை எடுக்காதீர்கள். அது வேறு எண் தரும், தவறான எண். சராசரியைத் தொகுதிக்குள்ளும் பகுதிக்குள்ளும் தனித்தனியே எடுத்துவிட்டுப் பிறகுதான் வகுக்க வேண்டும்.

அதே ஆளோடு தொடர்ந்து ஆடினால் p-ஐக் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்ட முடிவிலும் கை திறக்கப்படட்டும். இரண்டு ஏஸும் இருந்த ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் அவருக்குத் தேர்வே இல்லை, p பற்றி அவை எதுவும் சொல்லாது. அப்படி n ஆட்டங்களில் k முறை இஸ்பேடு சொன்னார் என்றால், சீரான முன்பரவலில் (p-இன் எல்லா மதிப்புகளுக்கும் சமவாய்ப்பு என்று தொடங்கினால்) p-இன் சராசரி (k+1)/(n+2). நான்கில் நான்கு முறையும் இஸ்பேடு என்றால் 5/6. அடுத்த முறை அவர் "இஸ்பேடு" என்றால் 5/17, சுமார் 0.29. "ஆடுதன்" என்றால் 1/13, சுமார் 0.08. இரட்டை ஏஸ் கை ஆறில் ஒரு முறைதான் வரும் என்பதால், நான்கு சாட்சிகள் சேர சராசரியாக 24 ஆட்டம் ஆட வேண்டியிருக்கும்.